யாரும் பயன்படுத்தாத அல்காரிதம்

221 பகா எண்ணா? 2, 3, 5, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 13-ல் மாட்டிக்கொள்ளும்: 13 × 17 = 221. பள்ளிக்கூடத்தில் கற்ற இந்த முறை ஒரே வீச்சில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. அது பகு எண் என்பதும் தெரிந்துவிடுகிறது, அதன் காரணிகள் எவை என்பதும் தெரிந்துவிடுகிறது. அதனாலேயே இரண்டும் ஒரே கேள்விதான் என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

எண்கள் பெரிதாகும்போது இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றைவிட்டு ஒன்று வெகு தூரம் விலகிப் போகின்றன. ஆர்எஸ்ஏ-250 என்று பெயரிடப்பட்ட 250 இலக்க எண்ணை 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக் குழு இரண்டு காரணிகளாகப் பிரித்துக் காட்டியது. அதற்கு ஆன கணினி உழைப்பு, ஒரே ஒரு பிராசசர் கோர் தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள். அதே எண் ‘பகு எண்தான்’ என்பதை மட்டும் தெரிந்துகொள்ள ஒரு பழைய மடிக்கணினிக்கு ஒரு நொடிகூட வேண்டாம். காரணி எது என்று அதற்கும் தெரியாது. காரணி இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

காஸ் 1801-ல் வெளியிட்ட தம் எண்ணியல் நூலில் இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் சொல்லி, கணக்கியலின் மிக முக்கியமான, மிகப் பயனுள்ள சிக்கல்களில் அவை சேரும் என்று எழுதினார். அவற்றில் முதலாவதற்கு, அதாவது பகா எண்ணா இல்லையா என்ற கேள்விக்கு, முழுமையான விடை 2002-ல் கான்பூரில் கிடைத்தது. அந்த விடையை இன்று எந்த வங்கியும் எந்த மென்பொருளும் பயன்படுத்துவதில்லை. இனியும் பயன்படுத்தப் போவதில்லை என்றே நினைக்கிறேன். இருந்தும் ஒரு பல்கலைக்கழகத் துறை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வகுத்துப் பார்க்கும் முறையின் செலவை முதலில் பார்த்துவிடலாம். 100 இலக்க எண் ஒன்றுக்கு அதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஏறக்குறைய 10⁵⁰ எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கு 10¹⁸ முறை வகுக்கும் ஒரு ராட்சதக் கணினியை உட்காரவைத்தாலும் 10³² நொடிகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதைப் போல இது இரண்டு கோடி கோடி மடங்கு. இதில் கவனிக்க வேண்டியது வேலை வளரும் விதம். எண்ணோடு இரண்டு இலக்கம் கூட்டினால் வேலை பத்து மடங்காகிறது. 100 இலக்கத்திலிருந்து 200 இலக்கத்துக்குப் போனால் வேலை 10⁵⁰ மடங்கு. கணினி அறிவியலாளர்கள் விரும்புவது வேறு வகை வளர்ச்சி. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் வேலை 8 மடங்கோ 64 மடங்கோ ஆகலாம். அது எத்தனை மடங்கு என்பது மாறாமல் இருக்க வேண்டும். வேலையின் அளவு இலக்க எண்ணிக்கையின் ஏதோ ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கிவிட வேண்டும். ஜாக் எட்மண்ட்ஸ் போன்றவர்கள் 1965 வாக்கில் வரைந்த கோடு இது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை ‘பல்லுறுப்புக் கால’ அல்காரிதங்கள். பகா எண் சோதனை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

காரணியைத் தேடாமல் பகு எண்ணைப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு வித்திட்டவர் ஃபெர்மா. 1640-ல் ஒரு கடிதத்தில் அவர் சொன்ன விஷயம் இது: ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு முழு எண்ணை அந்தப் பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து அந்த முழு எண்ணையே கழியுங்கள். கிடைப்பது அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 2⁷ − 2 = 126. அது 7 × 18. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சோதனை கிடைக்கிறது. 2⁹ − 2 = 510. இதை 9 வகுக்காது. ஆகவே 9 பகா எண் அல்ல. 3 × 3 என்று நாம் கண்டுபிடிக்கவே இல்லை, ஆனாலும் 9 அம்பலமாகிவிட்டது. 100 இலக்க அடுக்கு என்றாலும் பயமில்லை. வர்க்கத்துக்கு மேல் வர்க்கமாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், முந்நூற்றுச் சொச்சம் வர்க்கங்களோடு, தேவையான இடங்களில் பெருக்கல்களும் சேர்ந்து வேலை முடிந்துவிடும்.

இதோடு கதை முடிந்திருக்கும், சில எண்கள் மட்டும் ஏமாற்றாமல் இருந்திருந்தால். 341 என்பது 11 × 31. ஆனால் 2-ஐ வைத்துச் சோதித்தால் அது பகா எண் போலவே நடந்துகொள்ளும். சரி, 3-ஐ வைத்துச் சோதிக்கலாம் என்றால் மாட்டிக்கொள்கிறது. 561 அப்படியும் மாட்டாது. 3 × 11 × 17 ஆன அந்த எண், எந்த முழு எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் வேஷத்தைக் கலைக்காது. 1910-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் ராபர்ட் கார்மைக்கேல் இதைக் கவனித்தார். அந்த வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வரிசையில் 561, 1105-க்கு அடுத்து மூன்றாவதாக வருவது 1729. ஆம், ராமானுஜனின் 1729தான். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ஹார்டியிடம் அவர் சொன்ன அதே எண்ணுக்கு, ஃபெர்மா சோதனையை முழுக்க முழுக்க ஏமாற்றும் இன்னொரு முகமும் உண்டு. இப்படிப்பட்ட எண்களுக்கு முடிவே இல்லை என்பதை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிரூபித்தார்கள். கட்டுரை 1994-ல் வந்தது. பொமரன்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1970-கள்தான் இந்தக் கேள்வியின் பொற்காலம். பெர்க்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கேரி மில்லர், ஃபெர்மா சோதனைக்கு ஒரு கூர்மையான திருத்தம் சேர்த்தார். வர்க்கம் எடுத்துக்கொண்டே போகும் வழியில் 1 என்ற மீதி எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் கவனி என்றார். பகா எண்ணாக இருந்தால், அதற்கு முந்தைய மீதி 1 ஆகவோ −1 ஆகவோதான் இருக்க முடியும். இந்தக் கூடுதல் கண்காணிப்புக்குக் கார்மைக்கேல் எண்களும் தப்ப முடியாது. ஆனால் எத்தனை எண்களை வைத்துச் சோதித்தால் போதும்? விரிவாக்கப்பட்ட ரீமான் கருதுகோள் உண்மையானால் கொஞ்சம் எண்களே போதும் என்று மில்லர் நிரூபித்தார். அந்தக் கருதுகோளோ இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அஸ்திவாரம் இருக்கிறதா என்று தெரியாமலே மேலே எழுப்பிய மாடி அது.

மைக்கேல் ராபின் வேறு வழியில் போனார். பகு எண் எதுவாக இருந்தாலும், சோதனைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய எண்களில் குறைந்தது முக்கால்வாசி அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் நிரூபித்தார். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்துச் சோதித்தால், ஏமாறும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. 40 முறை எடுத்தால் அந்த வாய்ப்பு, 1-க்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒன்று. ராபர்ட் சாலவேயும் ஃபோல்கர் ஸ்ட்ராசனும் 1977-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையும் இதே போன்றதுதான். 2⁴⁰⁰-க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் 2⁴⁰⁰ − 593 என்று ராபின் அறிவித்தபோது, அதற்குப் பின்னால் இருந்தது நிரூபணம் அல்ல, நிகழ்தகவு. கணித உலகம் கொஞ்சம் நெளிந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ராபினின் சோதனை அந்தப் பழமொழியை எண்களுக்கும் பொருந்தச் செய்தது. ஒன்றல்ல, நாற்பது பருக்கை எடுத்துப் பாருங்கள் என்பது மட்டுமே வித்தியாசம். நடைமுறைக்கு இது போதும், போதுமென்பதைவிட அதிகம். 40 முறை சோதித்த பிறகு ஏமாறும் வாய்ப்பைவிட, கணினி நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டு விடை தவறாகும் வாய்ப்பு அதிகம். இன்று இணையத்தில் நீங்கள் பாதுகாப்பாகப் பணம் அனுப்பும்போது பின்னணியில் பகா எண்கள் தேவைப்பட்டால், அவற்றைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மில்லர்–ராபின் சோதனைதான். 1,024 பிட் நீள எண்களில் சுமார் 710-க்கு ஒன்று பகா எண். ஒற்றை எண்களை மட்டும் பார்த்தால் 355-க்கு ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒன்று அகப்பட்டுவிடும்.

அப்படியென்றால் இன்னும் என்ன குறை? பொறியாளர் ஒருவர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார், அதில் தப்பும் இல்லை. கணிதவியலாளரை உறுத்தியது வேறு. சோதனைக்கு எடுக்கக்கூடிய எண்களில் முக்கால்வாசி நமக்குச் சாட்சி சொல்லத் தயாராக இருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றையாவது கையைக் காட்டி ‘இதோ, இது’ என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை. சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குலுக்கல் உண்மையிலேயே தேவையா, இல்லை நம் அறியாமைக்கு நாம் சூட்டிய பெயரா? 1990-களில் கோட்பாட்டுக் கணினி அறிவியலின் நடு முற்றத்துக்கு வந்த கேள்வி இது. குலுக்கலை வைத்து வேகமாகச் செய்யக்கூடியதை எல்லாம் குலுக்கல் இல்லாமலும் வேகமாகச் செய்யலாம் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். நம்பியதை நிரூபிக்கத்தான் முடியவில்லை. பகா எண் சோதனை அந்த நம்பிக்கைக்கு ஒரு பரீட்சை.

நெருங்கி வந்தவர்கள் உண்டு. 1983-ல் ஏடில்மன், பொமரன்ஸ், ரூமிலி மூவரும் தந்த அல்காரிதம் குலுக்கல் இல்லாமலே ஓடியது. வேலையின் அடுக்கு மட்டும் நிலையாக இல்லாமல், எண்ணின் மடக்கைக்கு மடக்கைக்கு மடக்கையாக வளர்ந்தது. இது எவ்வளவு மெதுவான வளர்ச்சி என்றால், 100 இலக்க எண்ணுக்கு அந்த மும்முறை மடக்கை சுமார் 1.7, பத்து லட்சம் இலக்க எண்ணுக்கு 2.7. நடைமுறையில் அசையாமல் நிற்கிற மாதிரிதான். இருந்தாலும் வளர்கிறது. கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே நின்றது அந்த அல்காரிதம், பத்தொன்பது வருடம் அங்கேயே நின்றது.

இப்போது கான்பூர். 1959-ல் தொடங்கிய அந்த ஐ.ஐ.டி.க்கு 1962 முதல் பத்தாண்டுகள் ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு உதவியது. 1963-ல் அங்கே ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. இந்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர்கள் கையால் தொட்டுப் பழகிய முதல் கணினிகளில் ஒன்று அது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே ஃபோர்ட்ரான் கற்றுக்கொடுத்தார். 1960-களின் நடுவிலேயே எம்.டெக். அளவில் கணினி அறிவியல் அங்கு பாடமாகிவிட்டது. அவர் எழுதிய பாடநூல்களில் படித்துத் தேறிய தலைமுறைகள் நாடெங்கும் உண்டு. நாற்பது வருடம் கழித்து வந்த ஒரு தேற்றத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் ஒரு துறை பழுக்க எத்தனை காலம் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு உதவும்.

மணீந்திர அகர்வால் அங்கேயே பி.டெக். படித்து, அங்கேயே சோமநாத் பிஸ்வாஸிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1993 முதல் 1995 வரை அவர் இருந்தது சென்னையில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியில். இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் முந்தைய வடிவம் அது. பிறகு ஜெர்மனியின் உல்ம் நகரில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1996-ல் கான்பூருக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1999-ல் அவரும் பிஸ்வாஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில்தான் விஷயம் தொடங்குகிறது.

அதைப் புரிந்துகொள்ளப் பாஸ்கல் முக்கோணம் போதும். அதன் ஏழாவது வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரண்டு ஓரத்து 1-களை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் 7-ஆல் வகுபடுகின்றன. ஆறாவது வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15 வகுபடவில்லை. ஒன்பதாவது வரிசையில் 84 இடறுகிறது. இது தற்செயல் இல்லை. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், இருந்தால் மட்டுமே, அந்த வரிசையின் உள்ளே இருப்பவை அனைத்தும் அந்த எண்ணால் வகுபடும். கார்மைக்கேல் எண் போன்ற விதிவிலக்கு எதுவும் இதில் இல்லை. பல்லுறுப்புக்கோவை மொழியில் சொன்னால், (ய + 1)⁷ என்பதை விரித்து, கெழுக்களை 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், நடுவில் உள்ளதெல்லாம் உதிர்ந்துபோய் ய⁷ + 1 மட்டும் மிஞ்சும். பகு எண்ணுக்கு இப்படி உதிராது.

ஃபெர்மாவின் விதியைவிட இது பலமானது, அதே அளவுக்கு உபயோகமற்றதும்கூட. 100 இலக்க எண்ணுக்கு அந்த வரிசையில் 10¹⁰⁰ உறுப்புகள் இருக்கும், எழுதிப் பார்க்கவே முடியாது. அகர்வாலும் பிஸ்வாஸும் செய்தது, முழு விரிவையும் எழுதாமல், அதை ஒரு சிறிய பல்லுறுப்புக்கோவையால் வகுத்து மீதியை மட்டும் ஒப்பிடுவது. வகுக்கும் கோவையைக் குலுக்கிப்போட்டு எடுத்தால், பகு எண் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இதுவும் குலுக்கல் சோதனைதான், ராபினுடையதைவிட மெதுவானதும்கூட. வெளியிலிருந்து பார்த்தால் பின்னோக்கி ஓரடி. ஆனால் குலுக்கல் நடக்கும் இடம் மாறிவிட்டது. எண்களிலிருந்து பல்லுறுப்புக்கோவைகளுக்கு அது நகர்ந்துவிட்டதால், அங்கே அதை அகற்றக் கருவிகள் இருக்கலாம் என்ற எண்ணம் அகர்வாலுக்கு வந்தது.

குலுக்குவதற்குப் பதிலாக மிக எளிய கோவைகளாலேயே வகுத்தால் என்ன? ய-வின் ஏதோ ஒரு சிறிய அடுக்கை 1 என்று வைத்துக்கொள்வது எளிய வழி. உதாரணமாக ய⁵ = 1 என்று வைத்தால் ய⁶ என்பது ய, ய⁷ என்பது ய² என்று சுருண்டுவிடும். எத்தனை பெரிய விரிவும் ஐந்து உறுப்புகளுக்குள் அடங்கிவிடும். இந்தச் சுருக்கத்துக்குப் பிறகும் பகு எண்கள் மாட்டுமா?

இதை அகர்வால் இறுதியாண்டு மாணவர்களுக்கு புராஜெக்டாகக் கொடுத்தார். நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கி, பைண்ட் செய்து, கையெழுத்து வாங்கி முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். கான்பூரில் 2001-ல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரு மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கணினியில் போட்டு அலசினார்கள். (ய − 1) என்ற ஒரே கோவையை எடுத்துக்கொண்டு, 100 வரையிலான சுருக்க அளவுகளுக்கு, ஆயிரம் கோடி வரையிலான எண்களைச் சோதித்தார்கள். அதிலிருந்து ஓர் ஊகம் பிறந்தது. அடுத்த ஆண்டு நீரஜ் கயலும் நிதின் சக்சேனாவும் அதே நூலைப் பிடித்துக்கொண்டார்கள். 2002 ஏப்ரலில் அவர்கள் கொடுத்த பி.டெக். அறிக்கையின் தலைப்பே, குலுக்கல் இல்லாத பல்லுறுப்புக் காலச் சோதனையை நோக்கி என்ற பொருளில்தான் இருந்தது. நோக்கித்தான், வந்து சேரவில்லை. ஊகத்தை நிரூபிக்க முடியவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்றே பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். மேதை ஆசிரியரும் இரண்டு இளம் மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையில் உலகை வென்ற கதையாக அது சுருங்கிவிடுகிறது. எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு ருசி இல்லை. பிஸ்வாஸ் இல்லாமல் 1999 கட்டுரை இல்லை. 2001-ன் இரு மாணவர்கள் இல்லாமல் ஊகம் இல்லை. ஒரே நடைக்கூடத்தில் ஒரு கேள்வி நான்கு வருடம் கைமாறிக்கொண்டே இருந்ததுதான் இதில் முக்கியம் என்று படுகிறது.

பட்டம் வாங்கியும் கயலும் சக்சேனாவும் ஊருக்குப் போகாமல் அந்தக் கோடையில் வேலையைத் தொடர்ந்தார்கள். ஏப்ரல் அறிக்கைக்கும் ஆகஸ்ட் கட்டுரைக்கும் நடுவே நடந்த மாற்றம் சிறியது. ஊகத்தில் கோவை ஒன்றே ஒன்று. கட்டுரையில் ஒரே ஒரு சுருக்க அளவை நிலைநிறுத்திவிட்டு, ய + 1, ய + 2, ய + 3 என்று பல கோவைகளைச் சோதிக்கிறார்கள். இப்படிப் பலவற்றை எடுத்ததும் நிரூபணத்துக்கு வழி திறந்துகொண்டது.

நிரூபணத்தின் சாரம் எண்ணிப் பார்ப்பதுதான். ஒரு பகு எண் இந்தச் சோதனைகள் அத்தனையிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ய + 1-ம் ய + 2-ம் தேறினால் அவற்றின் பெருக்கலும் தேறும். அப்படிப் பெருக்கிக்கொண்டே போனால், தேறும் கோவைகளின் கூட்டம் பிரம்மாண்டமாகப் பெருகிவிடும். இன்னொரு பக்கம், சோதிக்கும் எண்ணையும் அதன் ஏதோ ஒரு பகாக் காரணியையும் விதவிதமாகப் பெருக்கி அடுக்குகளை உண்டாக்கலாம். சுருக்க அளவு சிறியது என்பதால், அவற்றில் ஏதோ இரண்டு ஒரே மீதியைத் தந்தே ஆக வேண்டும். அந்த மோதல், தேறும் கோவைகளின் கூட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு போடுகிறது. கூட்டமோ அந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது. முரண்பாடு. தப்பிக்க ஒரே வழி, எடுத்த எண் ஒரே ஒரு பகா எண்ணின் அடுக்காக இருப்பது. அதை அல்காரிதத்தின் முதல் படியிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். இதைப் பின்தொடர உயர்நிலை எண்ணியல் வேண்டாம், இளநிலை இயற்கணிதம் போதும். துறை வல்லுநர்களைத் திகைக்கவைத்தது இந்த எளிமைதான்.

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது பக்கக் கட்டுரையைப் பதினைந்து நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதில் ஒருவர், முன்பு பார்த்த பொமரன்ஸ். அப்போது அவர் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் இருந்தார். திங்கள் காலை படித்தார், சரி என்று கண்டார், அன்று பிற்பகலே திடீர்க் கருத்தரங்கு கூட்டிச் சக ஆய்வாளர்களுக்கு விளக்கிவிட்டார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மயிரிழையில் நின்றுபோன அல்காரிதம் அவருடையதும்தான் என்பதை நினைத்தால், அந்தப் பிற்பகலின் உற்சாகம் எனக்குக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது. வியாழக்கிழமை நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது.

முதல் வடிவத்தில் ஓர் இடத்தில் மட்டும் கனமான ஆயுதம் தேவைப்பட்டது. பொருத்தமான சுருக்க அளவு ஒன்று சிறிய எண்களுக்குள் கிடைக்கும் என்று காட்ட, எட்டியென் ஃபூவ்ரி 1985-ல் நிரூபித்த ஒரு தேற்றத்தைப் பயன்படுத்தினார்கள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தின் ஒரு பகுதிக்காக உருவான தேற்றம் அது. சில வாரங்களிலேயே ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா அதையும் தேவையில்லாமல் ஆக்கும் வழியைச் சொன்னார். நிரூபணம் முழுவதும் பாடநூல் அளவுக்கு இறங்கி வந்தது. வேலையின் அடுக்கும் 12-லிருந்து 10.5 ஆனது. பிற்பாடு லென்ஸ்ட்ராவும் பொமரன்ஸும் சேர்ந்து அதை ஆறு வரை கொண்டுவந்தார்கள். கட்டுரை 2004-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் பதின்மூன்று பக்கங்களில் வெளியானது. 2006-ல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் வந்தன. இரு மாணவர்களும் அகர்வாலிடமே முனைவர் பட்டத்தை முடித்தார்கள்.

பத்திரிகைகள் சில கிளப்பிவிட்ட பீதியையும் சொல்லியாக வேண்டும். இணையத்தின் பூட்டுகள் எல்லாம் உடையப் போகின்றன என்ற தொனியில் எழுதினார்கள். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த குழப்பம்தான் காரணம். ஆர்எஸ்ஏ எனப்படும் குறியாக்கப் பூட்டின் பலம், காரணிகளைப் பிரிப்பது கடினம் என்பதில் இருக்கிறது. கான்பூர் அல்காரிதம் காரணியைப் பற்றி வாயே திறப்பதில்லை. பகு எண் என்று தீர்ப்புச் சொல்லும், ஆனால் எதனால் வகுபடும் என்று பெரும்பாலும் சொல்லாது.

நடைமுறையில் அதன் வேகம் எப்படி? 1,024 பிட் எண் ஒன்றுக்குச் சுருக்க அளவு குறைந்தபட்சம் 10.5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு கோவையிலும் அத்தனை கெழுக்கள், ஒவ்வொரு கெழுவும் 1,024 பிட். ஒரே ஒரு கோவையை வைத்திருக்க 128 மெகாபைட். அதை ஆயிரம் முறைக்கு மேல் வர்க்கம் எடுக்க வேண்டும். அது ஒரு சோதனைக்கு மட்டும். அப்படிப் பத்து லட்சம் சோதனைகள். மில்லர்–ராபின் இதே எண்ணைச் சில மில்லிநொடிகளில் முடித்துவிடும். எந்தப் பொறியாளர் இதை விட்டு அதற்குப் போவார்? நிரூபணமே வேண்டும் என்பவர்களுக்கும் நீள்வட்ட வளைவுகளை வைத்து நடத்தும் முறை இருக்கிறது. பல்லாயிரம் இலக்கங்கள் கொண்ட எண்களுக்குக்கூட அது சான்றிதழ் தந்துவிடுகிறது.

ஆக, தேற்றத்தால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில், அதைப் பகா எண் சோதனையாகப் பார்க்காதீர்கள் என்பதே. இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் வேறு வேறு உருவில் எழுதப்பட்டிருந்தாலும் உள்ளே ஒன்றுதானா என்று கேட்கும் கேள்வி இருக்கிறது. குலுக்கல் வைத்தால் அதற்கு நொடியில் விடை, குலுக்கல் இல்லாமல் என்ன செய்வதென்று பொதுவாக யாருக்கும் தெரியாது. கான்பூர் நிரூபணம் அந்தக் கேள்வியின் ஒரு தனி வழக்கில் கிடைத்த வெற்றி. பொது வழக்கைத் தீர்த்தால் கணக்கீட்டின் அடிப்படை வரம்புகளைப் பற்றியும் புதிய முடிவுகள் கையோடு வரும் என்பது 2003-க்குப் பிறகு தெளிவாகிவிட்டது. அகர்வாலும் வினய் என்ற ஆய்வாளரும் 2008-ல் எழுதிய கட்டுரை, மிக ஆழம் குறைந்த சூத்திரங்களைப் பற்றிய கேள்வியைத் தீர்த்தாலே முழுப் பிரச்சினையையும் ஏறக்குறைய தீர்த்த மாதிரிதான் என்று காட்டியது. கயலும் சக்சேனாவும் தங்கள் வாழ்நாள் ஆய்வை இந்தத் திசையிலேயே அமைத்துக்கொண்டார்கள். பகா எண்களோடு அவர்களுக்கு அந்தக் கோடைக்குப் பிறகு பெரிதாகச் சகவாசம் இல்லை.

2001-ல் இரு மாணவர்களின் கணினிச் சோதனையிலிருந்து எழுந்த ஊகத்துக்கு என்ன ஆயிற்று? அது உண்மையானால் அடுக்கு மூன்றாகிவிடும், கான்பூர் முறை நடைமுறைக்கும் உதவும் அளவுக்கு வேகம் பெறும். லென்ஸ்ட்ராவும் பொமரன்ஸும் அது பெரும்பாலும் தவறாகவே இருக்கும் என்று வாதிட்டார்கள். அதைப் பொய்யாக்கும் எண்கள் எண்ணற்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு முறையான நிரூபணம் அல்ல, எண்களின் போக்கை வைத்துச் செய்த மதிப்பீடு. அப்படிப்பட்ட எண்கள் கணினிகளின் கைக்கு எட்டாத உயரத்தில்தான் தொடங்கும் என்று தோன்றுகிறது. தேடிப் பார்த்தவர்கள் உண்டு, இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.